சாக்ஸ் வழுக்கவில்லை

என் மகன் சென்ற ஆண்டு கோவையில் வடவள்ளிப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த நண்பர்கள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மேல ரெண்டு ரூம்லயும் மரத்தரை போட்டிருக்கானே சார், நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?"

எதுக்கு என்று எனக்குத் தெரியும். அவனுடைய சின்ன வயது முழுக்க மரத்தரையில்தான் கழிந்தது. அதில் கம்பளி விரித்து அவனை உட்காரவைத்து நான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்த ஞாபகத்துக்குத்தான் இப்போது பணம் செலவழித்திருக்கிறான். ஆனால் அதே தரையைப் பற்றி அவனுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் நாற்பது வருடமாக இருந்தது. போன மாதம்தான் சொன்னேன். சொல்லிவிட்ட பிறகு எழுதுவதிலும் கூச்சம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். தரை துடைப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த நாலு விஷயமும் இதற்குள்ளேயே வந்துவிடும்.

1979 முதல் 1986 வரை எனக்குக் குன்னூரில் உத்தியோகம். வெள்ளைக்காரர்கள் காலத்துப் பழைய பங்களா ஒன்றை நடுவில் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்துக் குடியிருப்பாக்கியிருந்தார்கள். அதில் ஒரு பாதி எங்களுக்கு. சமையலறையும் குளியலறையும் சிமெண்ட் தரை. கூடமும் இரண்டு அறைகளும் தேக்குப் பலகை. பலகைக்கு நேர் கீழே மண் கிடையாது. ஒன்றரை அடி உயரத்தில் குறுக்கு உத்தரங்கள் ஓட, அதன்மேல் பலகைகளை அடுக்கி ஆணி அடித்திருந்தார்கள். அடியில் வெறும் காற்றுதான். வெளிச்சுவரின் அடியில் இரும்பு வலை போட்ட சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். ராத்திரியில் அடியில் பூனை போனால் மேலே நமக்குக் கேட்கும். யாராவது நடந்தால் மத்தளத்தை மெதுவாகத் தட்டுவது போல ஒரு சத்தம். ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் சிமெண்ட் தரை காலைச் சுடும். பலகை மட்டும் பதமாக இருக்கும்.

1980இல் அப்பா காலமானதும் அம்மாவை மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு அழைத்து வந்துவிட்டேன். அம்மாவின் வாழ்க்கையில் பாதி சாணி மெழுகிய மண்தரையிலும் மீதி சிவப்புக் காவி போட்ட சிமெண்ட் தரையிலும் போனது. வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவியாக வேண்டும். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, வாசலுக்குத் தள்ளிவிட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் விடியும். நம்மைப் பொறுத்தவரை சுத்தம் என்றாலே தண்ணீர்தானே!

வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் அலுவலகம் போயிருந்தேன். என் மனைவி பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கூடத்தில் மூன்று குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். தள்ளுவதற்குத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தண்ணீரைக் காணோம். பலகை இடுக்குகள் வழியாக அத்தனையும் அடியில் இறங்கிவிட்டது. "உன் வீட்டுத் தரை தண்ணியைக் குடிக்குதுடா" என்று சாயங்காலம் என்னிடம் ஆச்சரியத்தோடு சொன்னாள்.

நாலைந்து நாளில் பலகைகளின் ஓரங்கள் தூக்கிக்கொண்டன. ஒவ்வொரு பலகையும் நடுவில் பள்ளமாகவும் இரண்டு விளிம்பும் மேடாகவும், ஓடு கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்தது போல ஆகிவிட்டது. நடந்தால் காலை இடறியது. அரசாங்கத்துக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. விசாரித்து ஒரு பாலிஷ் மேஸ்திரியைப் பிடித்தேன். அறுபதைத் தாண்டியவர், ஒல்லியான மனிதர். எஸ்டேட் பங்களாக்களில் தரைக்கும் மேசை நாற்காலிக்கும் மெழுகு போட்டே காலம் கழித்தவர். இழைப்புளியோடு வருவார் என்று நினைத்தேன். வெறுங்கையோடு வந்தார். குனிந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் செய்யாதீங்க சார். விட்டுடுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் ஈரத்தைக் குடித்து உப்பும். அடிப்பக்கம் ஈரமாக இருந்து மேல்பக்கம் காய்ந்துவிட்டால் ஓரம் தூக்கும். அடி ஈரம் காய்ந்ததும் பெரும்பாலும் தானாகவே படியும். அவசரப்பட்டு மேட்டை இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு ஓரம் பள்ளமாகி நடுமுதுகு மேடாகிவிடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து அறையில் அப்படி முதுகு வளைந்த இரண்டு பலகையைக் காட்டி, "இது உங்களுக்கு முன்னாடி இருந்தவர் செஞ்ச வேலை" என்றார்.

பிறகு வெளியே போய் சுவரடியில் இருந்த காற்றுத் துவாரங்களைப் பார்த்தார். பாதியைச் செத்தையும் மண்ணும் அடைத்திருந்தன. "இதுதான் சார் தரைக்கு மூக்கு. மூக்கைப் பொத்தினா யார் பிழைப்பாங்க?" என்று ஒரு குச்சியால் எல்லாவற்றையும் குத்திச் சுத்தம் செய்தார். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். அந்த மழை ஓய்ந்து தை, மாசி வெயில் வந்ததும், அவர் சொன்ன மாதிரியே பலகைகள் படிந்துவிட்டன. பூஜை மாடத்துப் பக்கம் இருந்த ஒன்று மட்டும் கடைசி வரை லேசாகத் தூக்கியே இருந்தது. அம்மா அங்கே மட்டும் ரகசியமாகத் தண்ணீர் தெளிப்பதை விடவில்லை என்று பின்னால் தெரிந்தது.

அந்த மேஸ்திரிதான் எங்களுக்கு மரத்தரையோடு வாழக் கற்றுக்கொடுத்தார். தினமும் மென்மையான துடைப்பத்தால் பலகை ஓடும் திசையிலேயே பெருக்க வேண்டும். மரத்தைக் கெடுப்பது அழுக்கைவிட மணல்தான். செருப்பில் ஒட்டி வரும் ஒரு துளி மணல் காலடியில் அரைபட்டு உப்புக்காகிதம் போல் தேய்க்கும். அதனால் வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒரு மிதியடி. நாற்காலிக் கால்களுக்குப் பழைய கம்பளித் துண்டு. துடைப்பதென்றால் துணியை நனைத்து, ஒரு சொட்டுக்கூடச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து துடைக்க வேண்டும். துடைத்த இடம் நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்திருக்க வேண்டும். காபி சிந்தினால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கூடாது.

மெழுகு வருடத்துக்கு ஒருமுறை. தேன்மெழுகைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, அடுப்பிலிருந்து தூரமாக, முற்றத்துக்குக் கொண்டு போய்த்தான் டர்பன்டைன் ஊற்றுவார். டர்பன்டைன் பக்கத்தில் நெருப்பு வரக்கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். பையன் அந்த அறைக்கே வரக்கூடாது. ஆறியதும் வெண்ணெய் மாதிரி ஆகும். அதைத் துணியில் தொட்டு, "இருக்கா இல்லையான்னு தெரியக்கூடாது" என்கிற அளவுக்கு மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் கம்பளி சுற்றிய கனமான கட்டையால் அரை நாள் தேய்ப்பார். தேய்க்கும் வேலையில்தான் என் மகனுக்குக் கம்பளி வண்டி கிடைத்தது. மடித்த கம்பளியில் அவனை உட்காரவைத்து இழுத்தால் பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, பையனுக்கு விளையாட்டும் ஆச்சு. அம்மா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, "நாங்க சாணி மெழுகினோம், நீங்க மெழுகையே மெழுகுறீங்க" என்று சிரிப்பாள்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி ஒரு சோதனை செய்வார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தி முன்னால் தள்ளுவார். கை பிடித்துப் பிடித்து நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் மெழுகு அதிகம் என்று அர்த்தம். அடுத்து நகத்தால் ஒரு கோடு கீறுவார். நகத்தில் மெழுகு சுருண்டு வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். "தரை மினுங்கணும்னு இல்ல சார். கால் நிக்கணும்" என்பார்.

இன்னொரு பாடமும் அவரிடம்தான் கற்றேன். 1982 என்று நினைக்கிறேன். சாரல் படும் தாழ்வாரப் பலகைகளுக்கு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் தடவினார். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணிகளை வேலிக்கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்டுவிட்டுப் போனார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று நான் எல்லாவற்றையும் பந்தாகச் சுருட்டி, பின்கட்டு அறையில் இருந்த டின்னுக்குள் திணித்து வைத்தேன். பிற்பகலில் என் மனைவிக்குக் கருகல் வாசனை வந்திருக்கிறது. அடுப்பில் ஒன்றும் இல்லை. தேடிப்போனால் டின்னிலிருந்து புகை. நல்லவேளையாக ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டாள். தீக்குச்சி இல்லாமல் எப்படிப் பற்றும் என்று நான் நம்பவே இல்லை. அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். விரித்துப் போட்டால் சூடு போய்விடும். சுருட்டி வைத்தால் சூடு உள்ளேயே சேர்ந்து தானாகவே பற்றிக்கொள்ளும் என்று மேஸ்திரி மறுநாள் சொன்னார். இன்றைக்கும் வீட்டில் ஆசாரி வைத்துக் கதவுக்கு எண்ணெய் போடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். துணியை வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்டவன்தான் நான். அதனால்தான் அடுத்ததைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது.

1984 பொங்கல். என் மேலதிகாரி மாட்டுப் பொங்கலன்று குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது பதவி உயர்வு நிலுவையில் இருந்தது. வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. மேஸ்திரி பொங்கலுக்குச் சொந்த ஊர் போய்விட்டார். போகும்போதே, "நான் வந்து போடறேன் சார், நீங்க தொடாதீங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். பார்த்துப் பழகிய வேலைதானே என்று நான் போகியன்று காலையில் ஆரம்பித்தேன். ஒரு பூச்சு தடவினேன். பளபளப்பு போதவில்லை என்று தோன்றியது. மத்தியானம் அதன்மேலேயே இன்னொரு பூச்சு, கொஞ்சம் தாராளமாக. மார்கழிக் குளிரில் டர்பன்டைன் சீக்கிரம் ஆவியாகாது. ராத்திரி எட்டு மணிக்கும் வாசனை போகவில்லை. கம்பளி சுற்றித் தேய்க்க உடம்பில் தெம்பு இல்லை. மேலோட்டமாக ஒரு துணியால் துடைத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கூடம் குளம் மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை. உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியது, செய்யவில்லை என்பதுதான் சரி.

பொங்கலன்று விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா எழுந்தாள். வாசல் கல்படியில் கோலம் போட வேண்டும். குளிருக்கு நான் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த கம்பளி சாக்ஸ் காலில். அறையிலிருந்து கூடத்துக்கு வந்த மூன்றாவது எட்டில் விழுந்தாள். முன்பே சொன்னேன் அல்லவா, அந்தத் தரையில் எது விழுந்தாலும் மத்தளம் போலக் கேட்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கோலப்பொடி டப்பா உருண்டு திறந்து, பளபளத்த பலகையெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. அம்மா கத்தவில்லை. "எந்திரிக்க முடியலடா" என்று மட்டும் சொன்னாள்.

இடுப்பில் தொடை எலும்பு முறிந்திருந்தது. மலையிறங்கிக் கோயமுத்தூர் எழுபது கிலோமீட்டர். வாடகைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, ஒவ்வொரு வளைவிலும் அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் டாக்டர், "எப்படிப் பாட்டி விழுந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "பாழாப்போன சாக்ஸு வழுக்கிடுச்சு. வெறுங்காலா நடந்திருக்கணும், என் தப்பு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் எல்லாமே இருந்தது. அவளுக்குத் தெரியும். மண்தரையை வருஷக்கணக்கில் கையால் மெழுகியவளுக்குத் தரையைப் பற்றித் தெரியாதா?

நான் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டேன். பார்க்க வந்த உறவுக்காரர்களிடமும், அலுவலகத்திலும், என் மனைவியிடமும்கூட, "சாக்ஸ் வழுக்கிடுச்சு" என்றே சொன்னேன். சாக்ஸ் போட்ட கால் மெழுகில் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு அம்மா அதே பலகையில் மூன்று குளிர்காலம் நடந்திருக்கிறாள். அன்று புதிதாக இருந்தது நான் போட்ட மெழுகுதான்.

மேலதிகாரி வரவில்லை. அந்தத் தரையை வந்து பார்த்தவர் மேஸ்திரி ஒருவர்தான். ஊரிலிருந்து திரும்பியதும் நேராக வந்தார். குனிந்து நகத்தால் கீறினார். மெழுகு சுருள் சுருளாக வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி மாட்டினார். ஜன்னல்களைத் திறந்து வைத்து, இரண்டு நாள் முழுக்க டர்பன்டைன் துணியால் துடைத்துத் துடைத்து அத்தனை மெழுகையும் எடுத்தார். கூலி கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். "பெரியம்மா வந்தா வெறுங்காலோட நடக்கச் சொல்லுங்க சார். இனிமே நிக்கும்" என்றார்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். அதன்பிறகு ஐந்து வருடம் இருந்தாள். ஊன்றுகோல் இல்லாமல் ஒரு நாளும் நடக்கவில்லை. குனிந்து கோலம் போட்டதும் இல்லை. தை பிறந்தால் என் மனைவி போடுவதைப் படிக்கு மேலே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருமுறைகூட அந்த மெழுகைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனால் நடந்ததை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடுமே என்று நாள் கடத்தினேன். 1989இல் அவளும் போய்விட்டாள்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். மகன் வீட்டில் பத்து நாள் தங்கப் போயிருந்தேன். மாடி அறைத் தரையில் பலகை இணைப்புகள் வரிசையாக உப்பியிருந்தன. வேலைக்கு வரும் அம்மா கீழே டைல்ஸைத் துடைக்கிற மாதிரியே வாளித் தண்ணீரும் பினாயிலுமாக மேலேயும் துடைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் அம்மா செய்ததைத்தானே அவரும் செய்தார்? யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"காய்ஞ்சா படிஞ்சிடும்னு குன்னூர்ல சொல்வாங்களேப்பா" என்றான் மகன். நான் கதவு நிலையடியில் இருந்த பட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பலகையின் வெட்டுமுகத்தைப் பார்த்தேன். அது முழு மரம் இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரம் போல அச்சிட்ட தாள், அதற்குமேல் கண்ணாடி மாதிரி ஒரு கடினப் பூச்சு. லேமினேட் என்கிறார்கள். இது ஈரத்தில் உப்பினால் தேக்கு மாதிரி திரும்பப் படியாது. உப்பிய பலகையை மாற்றத்தான் வேண்டும். நடுவில் ஒட்டுப்பலகையும் மேலே மெல்லிய நிஜ மரமும் வைத்த இன்னொரு வகையும் உண்டு. அதையும் ஓர் அளவுக்கு மேல் இழைக்க முடியாது. ஆகவே நம் வீட்டில் இருப்பது எந்தத் தரை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போட்டுக்கொடுத்த ஆளிடம் கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பிய இணைப்பு அசிங்கமாகத் தெரியாமல் இருக்க, மருமகள் எங்கேயோ பார்த்து ஒரு பளபளப்புத் திரவம் வாங்கி இரண்டு கோட் போட்டிருந்தாள். அறை ஜொலித்தது. எட்டு வயதுப் பேத்தி சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடி வந்து சறுக்கி விளையாடினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ராத்திரி இரண்டு மணி. பாத்ரூம் போக எழுந்தேன். இரண்டாவது எட்டில் இடது கால் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. எப்படியோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். விழவில்லை. ஆனால் கை நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று. விடியும் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போது 74. அம்மா விழுந்தபோது இருந்ததைவிட மூன்று வயது கூட.

காலையில் டிபன் சாப்பிடும்போது சொன்னேன். போகி, இரண்டு பூச்சு, தேய்க்காமல் விட்டது, அம்மா டாக்டரிடம் சொன்னது, என்னைப் பார்த்தது, எல்லாவற்றையும். சொல்லும்போது என் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பது வருடம் அவளுக்கும் சேர்த்துத்தானே மறைத்தேன். அவள் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வாசனை ஞாபகம் இருக்கு. அன்னைக்கு ராத்திரி பூரா டர்பன்டைன் வாசனை" என்றாள். அவ்வளவுதான். கேட்காமலேயே இருந்திருக்கிறாள்.

மகன் வெகுநேரம் பேசவில்லை. "பாட்டி கம்பு ஊணி நடக்கற சத்தம் எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்குப்பா. அந்தத் தரையில டொக்கு டொக்குன்னு கேட்கும்" என்றான் கடைசியில்.

மருமகள்தான் எழுந்தாள். "மாமா, அந்த பாட்டிலை இனிமே தொட மாட்டேன். போட்டதை எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க." அந்தத் திரவத்தை எடுப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று பாட்டிலிலேயே எழுதியிருந்தது. வாங்கும்போது யாரும் படிப்பதில்லை. அதன்படி அன்று பகல் முழுக்க மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து, நன்றாகப் பிழிந்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தோம். ஒரு கை அகலம் ஈரத்துணி, உடனே உலர்துணி. நான் நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அங்கே என்ன ஏற்பாடு என்றால், மாடித் தரைக்கு வாளி ஏறுவதே இல்லை. தினமும் உலர்ந்த மாப்பால் தூசி எடுப்பது. வாரத்துக்கு ஒருமுறை பிழிந்த துணி. தேவைப்பட்டால் மரத்தரைக்கென்று விற்கிற, எண்ணெயும் மெழுகும் இல்லாத திரவம், அதையும் துணியில் தெளித்துத்தான். இந்தக் காலத்து பாலியுரித்தேன் பூச்சுக்கும் லேமினேட்டுக்கும் மெழுகு தேவையே இல்லை. போட்டால் அது உள்ளே இறங்காமல் மேலேயே படிந்து நம்மைத்தான் தள்ளும். வினிகர் கலந்து துடைத்தால் நல்லது என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறது. ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. தொடர்ந்து செய்தால் பூச்சு மங்கிவிடும். நீராவி மாப் கூடவே கூடாது, சூடும் ஈரமும் சேர்ந்து இணைப்புக்குள் புகும்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் டைல்ஸ்தான், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். டைல்ஸில் சோப்புத் தண்ணீரை அலசி எடுக்காமல் விட்டாலும் அதே கதைதான். எண்ணெய்க் குளியல் நாளில் பாத்ரூம் வாசல், பவுடர் போட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கு முன்னால் உள்ள இடம், துடைத்து ஈரம் காயாத கூடம், இந்த மூன்றிலும் எச்சரிக்கையாக இருங்கள். வீடு துடைக்கும் நேரத்தில் நாம் ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுவது நல்லது. கால் குளிர்ந்தால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் கிடைக்கிறது. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும், விஷம்.

கிளம்புகிற அன்று பேத்திக்கு மேஸ்திரியின் சோதனையைக் கற்றுக்கொடுத்தேன். குனிந்து சின்ன உள்ளங்கையைத் தரையில் அழுத்தித் தள்ளினாள். "தாத்தா, கை நிக்குது" என்றாள். பிறகு வீடு முழுக்க ஒவ்வோர் அறையாகப் போய்த் தள்ளிப் பார்த்து, கீழே சமையலறை டைல்ஸில் ஓர் இடத்தில் "இங்கே மட்டும் போகுது" என்று கண்டுபிடித்தும் சொன்னாள். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடம். மருமகள் உடனே துடைத்தாள்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டிலும் யாரையாவது கையை வைத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்குக் குனிய முடியாவிட்டாலும் பேரப் பிள்ளைகளுக்கு முடியும்.